பகிடியும் வதையும்

பெண்மக்களுக்கென 1824ஆம் ஆண்டிலேயே விடுதியுடன் கூடிய பள்ளிக்கூடம் எழுந்த ஊர் உடுவில். கல்வியைக் கண்ணெனப் போற்றும் இத்தகைய ஊர்களில் பிள்ளையின் புள்ளிகளை விசாரியாத பெற்றோர் அரியர். சகபாடிகளிடையே அப்பிள்ளை எவ்வாறு வாழ்கின்றது என விசாரிப்போரோ சிலரே. அவ்விசாரணை ஏன் வேண்டும்?

'பகிடிவதை' என்னும் நம் நாட்டுச் சொல்லிலேயே பொருள் தெளிவாகும். இருவரும் சேர்ந்து சிரித்தால் அது பகிடி. ஒருவர் சிரிக்க மற்றவர் குன்றினால் அது வதை. துன்புறுத்தும் நோக்கம், அது மீண்டும் மீண்டும் நிகழ்தல், வலிமை ஒருபக்கம் சாய்ந்திருத்தல் என மூன்று அடையாளங்களை நோர்வேயில் ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் எடுத்துக்காட்டினார். பட்டப்பெயர் சூட்டுதல், நிறத்தைப் பழித்தல், எவரும் பேசாது ஒதுக்கிவைத்தல் யாவும் இதன் வடிவங்களே. இன்று கைத்தொலைபேசி வழியே அது வீட்டினுள்ளும் நுழைகின்றது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் தோழர் சொல்லே பிள்ளை தன்னைக் காணும் கண்ணாடி. அங்கே இகழ்ச்சியே தெரியுமாயின், தன்மதிப்புச் சிதையும். படிப்பில் மனம் பதியாது. வாழ்விலேயே வெறுப்புத் தோன்றவும் கூடும். அச்சம் நீடிக்கையில் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பின் ஒழுங்கு குலையும். உறக்கமும் பசியும் கெடும். பள்ளி நாட் காலையில் தலையிடி, வயிற்றுவலி தோன்றி, விடுமுறையில் மறைவதுண்டு. இதனைப் பாசாங்கென்று தள்ளலாகாது. வலி மெய்யானது, வாய் சொல்ல அஞ்சுவதை உடல் சொல்கின்றது.

இத்துன்பம் இளமையோடு முடிவதுமன்று. 1958இல் பிரித்தானியாவில் பிறந்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், சிறுவயதில் வதைக்கப்பட்டோரிடம் ஐம்பதாம் வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருக்கக் கண்டு, 2014இல் வெளியிட்டனர்.

தடுக்கப்படாத வதை உயிரையும் பறிக்கும். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையில் கடும் உடற்பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். மறு ஆண்டே, கல்வி நிலையங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று.

சட்டம் வகுப்பறையின் ஒவ்வொரு மூலையையும் காவாது. ஆதலின் பெற்றோரே, "நீயும் திருப்பி அடி" என்றோ, "இதெல்லாம் ஒரு விஷயமா" என்றோ கூறி வாயடைக்காதீர். குறுக்கிடாது கேளுங்கள்; வகுப்பாசிரியரை நேரிற் காணுங்கள்; வேண்டின் 1929 என்னும் சிறுவர் உதவி எண்ணை நாடுங்கள். வதைக்கும் பிள்ளையும் திருத்தப்பட வேண்டிய பிள்ளையே. பார்த்துச் சிரிக்கும் தோழர்கள் சிரிப்பை நிறுத்தினால், வதை பாதி வலுவை இழந்துவிடும்.