டிராயரை விழுங்கும் சதுர அடி

வீட்டுக்குள் மரவேலை – 9

சென்ற வாரம் பிளைவுட் ரகங்களைப் பார்த்தோம். இந்த வாரம் கூலியும் விலையும். புது வீட்டுக்குக் கப்போர்டு செய்ய ஆசாரியை அழைத்ததும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, “சதுர அடி என்ன ரேட்?” என்பதுதான். அவரும் பலகை, மைக்கா, கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். அகலத்தை உயரத்தால் பெருக்கி, அதை ரேட்டால் பெருக்கி, பேரத்தைத் தொடங்குகிறோம். கணக்குப் போட வசதியான வழி என்பதற்கு மேல் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் நம் அலமாரிகளுக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தக் கணக்குதான். எதற்குக் காசு உண்டோ அது பெருகும், எதற்கு இல்லையோ அது சுருங்கும். ஆசாரியின் நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிக நேர்மையான ஆசாரியும் இந்தக் கணக்குக்குள்தான் வேலை செய்தாக வேண்டும்.

ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். உயரம் 7 அடி, அகலம் 6 அடி, ஆழம் 2 அடி. முகப்பு 42 சதுர அடி. பக்கப் பலகைகள் இரண்டும் சேர்ந்து 28 சதுர அடி, மேலும் கீழும் 24, நடுத்தடுப்பு 14, கதவுகள் 42. ஆக, கூடும் கதவும் மட்டும் 108 சதுர அடிப் பலகை. பின்பலகை தனி. இப்போது முதல் வீட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தட்டு வைத்து, துணி மாட்ட ஒரு கம்பி போட்டு முடிக்கிறார்கள். தட்டுக்கு 6 சதுர அடி வீதம் இன்னும் 12 சேர்ந்து 120 ஆகிறது. எட்டுக்கு நாலு பலகை ஒன்று 32 சதுர அடி என்பதால், சேதாரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான்கு பலகைக்குள் வேலை முடியும். இரண்டாவது வீட்டில் பக்கத்துக்கு மூன்று தட்டும் மூன்று டிராயரும் கேட்கிறார்கள். தட்டுகள் 36 சதுர அடி. 8 அங்குல உயர டிராயர் ஒன்றுக்கு அடிப்பலகை நீங்கலாகவே ஏறக்குறைய 8 சதுர அடி வேண்டும், ஆறுக்கு 48. மொத்தம் 192 சதுர அடி, ஆறு முழுப் பலகை. இரண்டு அலமாரிகளுக்கும் முகப்பு அதே 42 சதுர அடிதான், பில்லும் அதேதான்.

பலகையை விடக் கைவேலையில்தான் வித்தியாசம் அதிகம். பக்கவாட்டில் பொருத்தும் டெலஸ்கோப்பிக் சேனலுக்கு ஒரு பக்கத்துக்கு அரை அங்குல இடைவெளி வேண்டும். டிராயர் பெட்டியின் அகலம் அது புகும் இடத்தின் அகலத்தைவிடச் சரியாக ஓர் அங்குலம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கூடினால் சேனல் இறுகும், இழுக்கும்போது பிடிக்கும். குறைந்தால் பெட்டி ஆடும், கொஞ்ச நாளில் பேரிங் தேயும். மூலைமட்டம் தப்பினால் முகப்பலகை ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். தட்டு ஒன்றைப் பொருத்துவதோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆசாரியின் கைத்திறன் முழுதாக வெளிப்படும் இடம் இதுதான். சதுர அடிக் கணக்கில் அந்தத் திறனுக்கு ஒரு பைசாவும் இல்லை. “டிராயர் எதுக்கு சார், தட்டு வெச்சுக்கலாம், இடம் நிறைய கிடைக்கும்” என்ற ஆலோசனை வருவதில் வியப்பென்ன?

மறுபக்கம், எது பெருகுகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் கட்டும்போதே கான்கிரீட்டில் போடப்பட்டிருக்கும். சமையல் மேடைக்கு அடியில் கடப்பாக்கல் தட்டுகள் ஏற்கெனவே இருக்கும். அங்கெல்லாம் பெட்டி செய்யத் தேவையில்லை. சட்டம் அடித்துக் கதவு மாட்டினால் போதும். உழைப்பு குறைவு, முகப்பு அதிகம். அதனால்தான் அறையைச் சுற்றிப் பரண் கதவுகள் ஓடுகின்றன. ஏணி போட்டு ஏறினால்தான் கை எட்டும் இடத்துக்குக் காசு தாராளமாகப் போகிறது. தினம் பத்து முறை கை போகும் இடத்தில் ஒரே இருட்டுத் தட்டு மிஞ்சுகிறது. ஓர் அடி ஆழச் செருப்பு அலமாரிக்கும் இரண்டடி ஆழத் துணி அலமாரிக்கும் ஒரே ரேட் போடும் கணக்கு இது. பொருள்கள் இருப்பது ஆழத்தில்; விலையில் ஆழமே இல்லை.

இதன் சுமை உடம்பில் விழுகிறது. மேடைக்குக் கீழே இரண்டடி ஆழத் தட்டில், குக்கருக்குப் பின்னால் இருக்கும் இட்லிப் பானையை எடுக்க வேண்டுமானால் உட்கார்ந்து, முன்னால் உள்ளதையெல்லாம் வெளியே வைத்து, கையை உள்ளே நுழைக்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்தத் தட்டின் பின்பாதி இல்லாததற்குச் சமம். டிராயராக இருந்தால் பின்பாதி தானே முன்னால் வரும். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவே உள்ள ஒடுக்கமான அறை. சமைப்பவர் எங்கே நிற்பார், எத்தனை அடி நடப்பார், கை எதுவரை எட்டும் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். மளிகைச் சாமான்களுக்கு, பெயர் பொறித்த, இழுத்தெடுக்கும் அலுமினியப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். எளிய குடும்பங்களுக்காக நகர நிர்வாகம் சிக்கனமாகக் கட்டிய வீடுகள் அவை. உள்ளமைப்பு பணக்காரர்களுக்கான ஆடம்பரம் என்பவர்களுக்கு இதுவே பதில்.

சில ஆசாரிகள் டிராயருக்குத் தனிக்காசு வாங்குகிறார்களே என்று கேட்கலாம். வாங்குகிறார்கள், சதுர அடி போதாது என்பதற்கு அவர்களே சாட்சி. ஆனால் அந்தத் தனிக்காசு பெரும்பாலும் பாதி வேலையில், ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெயரில் வருவதால் ஏமாற்றப்பட்டதாகவே வீட்டுக்காரருக்குத் தோன்றுகிறது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: சதுர அடி ரேட் இல்லாவிட்டால் சாதாரணக் குடும்பம் மூன்று பேரின் விலையை எப்படி ஒப்பிடும்? நியாயமான கேள்விதான். ஆனால் இப்போதும் நாம் ஒப்பிடுவது வெவ்வேறு பொருள்களைத்தான். ஒருவர் மனத்தில் இருப்பது நான்கு பலகை அலமாரி, இன்னொருவர் மனத்தில் ஆறு பலகை அலமாரி. ஒரே வரைபடத்தையும் ஒரே பட்டியலையும் மூவரிடமும் கொடுத்து மொத்தத் தொகை கேட்டால்தான் அது ஒப்பீடு.

கூலி தனி, பொருள் தனி என்று பிரித்துவிட்டால் போதாதா என்பார்கள். அப்படிப் பிரித்து நாள்கூலி பேசினால் வேலை இழுக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, உருப்படிக்குக் கூலி பேசுவது: கதவு ஒன்றுக்கு இவ்வளவு, தட்டு ஒன்றுக்கு இவ்வளவு, டிராயர் ஒன்றுக்கு இவ்வளவு. நடுவில் மனம் மாறி இன்னொரு டிராயர் கேட்டாலும் சண்டை வராது; விலை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வரைபடம் போட எங்கள் ஆசாரிக்குத் தெரியாது என்பதை நான் ஏற்கவில்லை. பலகை மேல் பென்சிலால் முழு அளவுக்குக் கோடு போட்டு வேலை செய்பவர்கள் அவர்கள். அதே கோட்டைக் கட்டம் போட்ட காகிதத்தில் இழுக்க, கூலியோடு கேட்டால் போதும்.

அடுத்த முறை ஆசாரி வீட்டுக்கு வரும்போது ரேட்டைக் கேட்குமுன் அலமாரிக்குள் வைக்கப்போவதை எழுதிக் கையில் கொடுங்கள்: மடித்து வைக்கும் புடவை எத்தனை, மாட்டும் சட்டை எத்தனை, கனமான பாத்திரம் எவை, அவற்றை எடுப்பவர் யார், அவர் கை எவ்வளவு உயரம் எட்டும். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் விலை போடச் சொல்லுங்கள். தொகை சற்றுக் கூடலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்; எந்தத் திறமைக்கு வாங்குகிறோம் என்று அவருக்கும் தெரியும். நல்ல டிராயர் செய்யத் தெரிந்த கைக்கு அதற்கான கூலி கிடைத்தால்தான் அந்தக் கலை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

(அடுத்த வாரம்: கீல்களும் கதவுகளின் எடையும்)