பனிமலைச் சீமான்களும் பள்ளிப் பிள்ளைகளும்

டாலர் நாடு என்று பெயர் பெற்ற அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே, கனடா எல்லையை ஒட்டி, வெர்மான்ட் என்றொரு சிறு மாநிலம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 6,43,077. பால் பண்ணைகளும் மலைகளும் நிறைந்த நாடு. பனிச்சறுக்கு விளையாடச் சீமான்கள் வந்து தங்கும் மாளிகைகளும் அங்கே உண்டு. அந்தச் சிறு மாநிலத்தில் எழுந்த ஒரு பெருங்கேள்வியைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென விரும்புகிறோம். ஒரு பிள்ளை பெறும் கல்வி, அது வளரும் ஊரின் சொத்து மதிப்பைப் பொறுத்ததா?

வெர்மான்டில் ஊராட்சிக்கு நீண்ட மரபு உண்டு. மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாள். பள்ளிக்கூடத்தின் வரவு செலவுத் திட்டத்தை ஊர் மக்களே வாக்களித்து ஏற்பார்கள், அல்லது தள்ளுவார்கள். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் ஊர் விதித்த வரியிலிருந்தே பெரும்பகுதி வந்தது. மாநில அரசு தந்த உதவித்தொகை மேட்டையும் பள்ளத்தையும் சமன்செய்யப் போதவில்லை.

கணக்கைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டில், எல்லையோரத்து ரிச்போர்டு ஊரில், ஒரு மாணவனுக்கு ஈடாக இருந்த சொத்து மதிப்பு சுமார் 1,40,000 டாலர். பனிச்சறுக்கு மலை உள்ள ஷெர்பர்ன் ஊரிலோ சுமார் 22 லட்சம் டாலர்! 85,000 டாலர் பெறும் வீட்டுக்கு ரிச்போர்டில் பள்ளி வரி 1,016 டாலர். அதே மதிப்புள்ள வீட்டுக்கு ஷெர்பர்னில் 247 டாலர். நான்கு மடங்கு வரி கட்டிய ஊரில் ஒரு பிள்ளைக்குச் செலவானது 3,743 டாலர். கால்பங்கு கட்டிய ஊரிலோ அதைவிட அதிகம்! அதிகம் கொடுத்த ஏழையின் பிள்ளைக்கு அரை வயிறு; குறைவாகக் கொடுத்த செல்வனின் பிள்ளைக்கு விருந்து. இதை நீதி என்று யார் சொல்ல முடியும்?

சொன்னார்கள்! ‘ஊருக்கு உரிமை வேண்டும், தன் பள்ளிக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை ஊரே முடிவு செய்யட்டும்' என்று மாநில அரசின் தரப்பில் வாதாடினார்கள். கையில் காசில்லாத ஊருக்கு அந்த உரிமையால் என்ன பயன்? கடைத்தெருவில் நிற்கும் பட்டினிக்காரனிடம், ‘விரும்பியதை வாங்கிக்கொள், உனக்கு முழு உரிமை' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

மாணவர்களும், வரி செலுத்துவோரும், பள்ளி வட்டாரங்களும் வழக்கு மன்றம் ஏறினர். பிரிகாம் வழக்கு என்று அதற்குப் பெயர். 1997ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் மாநில உச்ச வழக்கு மன்றம் தீர்ப்பளித்தது. ஊர்தோறும் பள்ளி வேண்டுமென 1777ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்த மாநிலம் அது. கல்வி, அரசின் கடமை. அதைச் சமமாக வழங்க வேண்டும். ஊருக்குரிய உரிமையைக் காட்டி அரசு தப்பிவிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு ஜூனில் 60ஆம் எண் சட்டம் வந்தது. ஆளுநர் ஹோவர்டு டீன் கையெழுத்திட்டார். மாநிலம் முழுவதற்கும் சொத்து வரி; செல்வ ஊரின் பணம் ஏழை ஊரின் பள்ளிக்கும் போகும்; வருமானம் குறைந்த குடும்பத்துக்கு வரியில் சலுகை. உடனே கிளம்பியது கூக்குரல்! பணக்கார ஊர்கள் கொதித்தன. ஷெர்பர்ன் 1999இல் கில்லிங்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2004இல் அந்த ஊர்க்கூட்டம், வெர்மான்டை விட்டே விலகி, அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயருடன் சேர வாக்களித்தது. அந்த மாநிலத்தின் எல்லையைக்கூடத் தொடாத ஊர் அது! பிரிந்துபோக முடியவில்லை, இன்றும் வெர்மான்டில்தான் இருக்கிறது.

போராட்டம் முடிந்துவிட்டதாக நாம் கூறவில்லை. 2003இல் சட்டத்தைத் திருத்தி, செல்வ ஊர்கள் வெறுத்த பகிர்வு நிதியை நீக்கினார்கள். மாநிலம் தழுவிய வரி மட்டும் நிலைத்தது. வரிச்சுமை ஏறவே, 2024 மார்ச்சில் பள்ளித் திட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மக்கள் தோற்கடித்தனர். 2025 ஜூலையில் ஆளுநர் பில் ஸ்காட் புதிய சட்டமொன்றில் கையெழுத்திட்டார். பள்ளி வட்டாரங்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கவும், நிதி முறையை மாற்றவும் அது வழி வகுக்கிறது. சிக்கனத்தின் பெயரால் சிற்றூர்ப் பள்ளியின் கதவு மூடப்படுமோ என்ற அச்சம் அங்கே எழுந்திருக்கிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு.

வரி ஏறுகிறது என்று முணுமுணுக்கும் உழைப்பாளியின் மீது நமக்குக் கோபமில்லை. அவன் சுமையைக் குறைக்க வேண்டியது அரசின் பொறுப்பு. ஆனால் அந்த முணுமுணுப்பின் நிழலிலே மாளிகைக்காரன் ஒளிந்துகொள்ள விடக்கூடாது. பள்ளிக்கு வரும் பிள்ளையிடம், உன் ஊரின் நிலம் என்ன விலை என்று கேட்பது அநீதி. ஆறரை லட்சம் பேர்கூட இல்லாத ஒரு மாநிலம் அதைச் சட்டமாக எழுதிக் காட்டியது. எழுதிய சட்டத்தைக் காத்து நிற்பது, எழுதுவதைவிடக் கடினமான வேலை!