கூலியன்று, பிரசாதம்

நம் பாட்டன்மார் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தில் 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்றொரு சொல் உண்டு. இன்று அதனை 'இறையருள்' என்கிறோம். புதிய சொல் எளியது. ஆயினும் பழைய சொல்லில் ஒரு நயம் இருந்தது. பிரசாதத்தை யாரும் விலை பேசுவதில்லை, கையேந்திப் பெறுகிறோம். ஆனால் நம் பங்குகளில் கேட்கும் பேச்சோ வேறு. "ஞானஸ்நானம் பெற்று இருபது வருஷமாயிற்று, இன்னும் குடியை விடவில்லை, இவனெல்லாம் கிறிஸ்தவனா?" என்கிறோம். அவனும் அதை நம்பி, பாவசங்கீர்த்தனத்துக்கும் வராமல் கோவில் வாசலோடு நின்றுவிடுகிறான். வேலையை முடித்தவனுக்கே காசு என்று அருளைக் கூலியாக்கிவிட்டோம்.

கொல்லிமலை வரலாற்றில் இதைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. திருப்புலி நாடு, வளவந்தி நாடு எனப் பதினான்கு நாடுகளாய் விளங்கும் அம்மலையில் 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் குடியேறினர். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர், பாப்டிஸ்ட் சபையினர். பிரிந்த சகோதரரிடம் காணும் நன்மையை மகிழ்வோடு ஏற்கும்படி வத்திக்கான் சங்கம் 1964-ல் நமக்குக் கற்பித்திருப்பதால் தயக்கமின்றி எழுதுகிறோம். அவர்கள் நோயாளிகளுக்கு மருந்திட்டனர், பள்ளி நடத்தினர். ஆண்டுகள் சில சென்றும் ஒருவரும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. அவர்களை வன்மையாய் எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி ஒருவர். முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைமேலும் ஏறி, அவர் வீட்டிலும் புகுந்தது. அயலார் அஞ்சி ஒதுங்க, பிராண்டு தம்பதியரே சென்று பணிவிடை செய்தனர். சாகுந் தறுவாயில் அப்பூசாரி தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அவர் அதற்கு முன் அவர்களுக்குக் கொடுத்தது எதிர்ப்பு ஒன்றே.

1929-ல் ஜெஸ்ஸி மலேரியாவையொட்டி வந்த கருநீர்க் காய்ச்சலால் மாண்டார். எவலின் அம்மையாரைப் புனிதவதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரது பிடிவாதம் பேர்போனது. முதிர்ந்த வயதில் மலைக்குத் திரும்ப அனுமதி கேட்டார். மிஷன் சபையார் மறுத்தனர். ஓய்வு பெற்றவுடனே அவர்கள் துணையின்றித் தாமே மலையேறிவிட்டார். மேற்றிராணியாருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்துள்ள எம் போன்றோர்க்கு இது சற்று இடறலே! வேலூரில் தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற அவர் மகன் டாக்டர் பால் பிராண்டு கீழே வந்துவிடும்படி வேண்டியும் அம்மையார் இணங்கவில்லை. மட்டக்குதிரையேறி ஊர் ஊராய்ச் சென்றார். அவருடைய மலைவீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாதாம்.

பிடிவாதம் நீங்கட்டும் என்று இறைவன் காத்திருக்கவில்லை, அப்படியே எடுத்தாண்டார். இதனால் குறை குணமாகிவிடாது. வைத்தியர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்பதற்காக நோயை ஆரோக்கியம் என்போமா? ஆயினும் வந்திருப்பவர் வைத்தியர். பரிசுத்த ஆவியைப் பெற்ற பின்னரும் இராயப்பர் அந்தியோக்கியாவில் தடுமாறினார். புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்தவர், யூதர் வந்ததும் அஞ்சி விலகினார். சின்னப்பர் பலர் முன்னிலையில் கண்டித்தார். ஆனால் இராயப்பரைத் திருச்சபையை விட்டுப் போகச் சொன்னவர் யாருமில்லை. வாசலில் நிற்பவனைக் குறித்து நம் சபையார் பேசும்போது இந்தக் கண்டிப்பு இருக்கிறது. அந்தப் பொறுமைதான் காணவில்லை.

எவலின் அம்மையார் 1974 டிசம்பரில், தமது 95-ஆம் வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.