மீண்டும் மண் பாதையில் பைக் ஓட்ட ஆசையா? முதலில் எடையை பாருங்க!

ஸ்ரீபெரும்புதூர்,

இளவயதில் ஏரிக்கரை, செம்மண் பாதையில் பைக்கில் பறந்தவர்கள், கல்யாணம், ஷிப்ட் வேலை என்று அதை விட்டிருப்பார்கள். போனஸ் பணத்தில் மறுபடி ஆசை துளிர்த்தால் எந்த பைக் வாங்கலாம்?

ஒரகடத்தில் 2013-ல் ஆலை தொடங்கிய ராயல் என்பீல்டின் ஹிமாலயன் மீதுதான் உள்ளூர்க்காரர்கள் கண் முதலில் போகும். 2023-ல் வந்த ஹிமாலயன் 450, நெடுந்தூரத்துக்கு கில்லாடி. ஆனால் எடை 196 கிலோ. மண் பாதையில் விழாமல் ஓட்டியவர் இல்லை. பழக்கம் விட்டவர் கூடுதலாகவே விழுவார். சேற்றில் சாய்ந்த வண்டியை ஒற்றை ஆளாய் தூக்குவது பெரும்பாடு.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோ, சீட் உயரம் 825 மி.மீ. வேலைக்கும் போகலாம், மண்ணிலும் இறங்கலாம். கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 சுமார் 140 கிலோதான். ஆனால் சீட் 880 மி.மீ., குள்ளமானவர்களுக்கு கால் எட்டாது.

பந்தயத்துக்கென்றே வரும் டர்ட் பைக்குகளை பதிவு செய்ய முடியாது. ரோட்டில் ஓட்டினால் வழக்குதான்.

செகண்ட் ஹேண்ட் என்றால் முன் போர்க்கில் எண்ணெய் கசிவு, ரிம் வளைவை பாருங்க. மொத்தப் பணத்தையும் வண்டியிலேயே போடாமல் ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் கவசத்துக்கு ஒதுக்குங்க. கால் உடைந்தால் சம்பளமும் போச்சு!