எங்க ஊருக்கு ரெண்டு பஞ்சாயத்து



போன மாதம் உள்ளாட்சிப் பாடம் நடத்தும்போது டீச்சர் என்னிடம், "உங்க ஊர்த் தலைவர் யாரும்மா?" என்று கேட்டார்கள். நான், "எந்தத் தலைவர் டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஆனால் நான் தெரியாமல் கேட்கவில்லை. கடலோரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். வயக்காட்டுப் பக்கத்து ஊர்களில் இருந்து வரும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நம் கடற்கரை நெடுக குப்பங்கள் இருக்கின்றன. எங்கள் குப்பத்துக்கு ரெண்டு பஞ்சாயத்து. ஒன்று, 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி. நம் செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல் பிரிந்த புது மாவட்டம். அதனால் அந்தத் தேர்தல் இங்கே 2021 அக்டோபரில்தான் நடந்தது. இன்னொன்று மீனவர்களின் ஊர் பஞ்சாயத்து. அது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் சட்டத்துக்கும் முந்தியது. ஆயாவோட ஆயா காலத்துலயும் இருந்துச்சாம்.

ஊர் பஞ்சாயத்தில் ஓட்டுப் பெட்டி கிடையாது. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். இன்னார் இருக்கட்டும் என்று பேசி முடிவு செய்வார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கோயில் திருவிழா, கடலில் காணாமல் போனவரைத் தேடுவது, வலைச் சண்டை எல்லாம் இங்கேதான் தீரும். பேச்சைக் கேட்காதவனுக்கு அபராதம். ரொம்ப மீறினால், "தொழிலுக்குப் போகாதே" என்று நிறுத்தி விடுவார்கள்.

போன வருஷம் எங்க அப்பாவின் வலையை இன்னொரு படகு இன்ஜினில் மாட்டிக் கிழித்து விட்டது. ராத்திரியே கூட்டம் போட்டார்கள். ரெண்டு பக்கமும் பேசியது. பாதி விலை தரணும் என்று தீர்ப்பு. மூன்றாம் நாள் பணம் கைக்கு வந்து விட்டது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் நான் பத்தாவது முடித்திருப்பேன்!

கடலில் சட்டத்தை விட ஊர் வார்த்தைக்குத்தான் பலம் அதிகம். சுருக்குமடி வலையை அரசாங்கம் 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு நடுக்கடலில் எந்த அதிகாரி நிற்பார்? நாலைந்து குப்பத்துப் பஞ்சாயத்தார் கூடி, "நம்ம கரையில வேணாம்" என்றால் அது நிற்கும். (எல்லா ஊரும் இதில் ஒரே பக்கம் இல்லை. அந்த வலைக்காரர்களும் மீனவர்கள்தான்.)

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. ஆயா சொல்வார்கள். அதிகாரிகள் வருவதற்கு முன்பே ஊர் பஞ்சாயத்துதான் ஆட்களைத் தேடியது, அரிசி பங்கு போட்டது, பட்டியல் எழுதியது. அந்தப் பட்டியலில்தான் ஒரு சிக்கல். பல கடலோர ஊர்களில் புருஷன் இல்லாத பெண்களின் பெயரும், இருளர் குடும்பங்களின் பெயரும் விட்டுப் போயின. ஏன் தெரியுமா? அவர்கள் தலைக்கட்டு இல்லை.

இதை எங்க வீட்டிலேயே பார்த்தேன். அம்மா மீன் விற்கிறவர். கரையில் ஏலம் விடும் இடத்தை ஒருநாள் கோடிக்கு மாற்றி விட்டார்கள். அங்கே விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை. மீன் எடுக்கிற பெண்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் நடக்கும்போது பெண்கள் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று கேட்கலாம், பேச முடியாது. அம்மா வீட்டில் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். அப்பா அங்கே போய்ப் பாதிதான் சொன்னார்!

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. 18 வயது ஆன யாரும் அங்கே பேசலாம். 2016-லிருந்து நம் மாநில உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. முகத்துவாரத்தில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் அக்காமார்களும் வந்திருந்தார்கள். ஊர் பஞ்சாயத்தில் அவர்களுக்கு இடமே கிடையாது. அம்மாவும் ஏழெட்டுப் பேரும் விளக்கும் குழாயும் கேட்டார்கள். தீர்மானம் எழுதி, அம்மா கையெழுத்துப் போட்டார். பொங்கலுக்கு விளக்கு வந்தது. குழாய் இன்னும் வரவில்லை. ஏலத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "அது உங்க ஊர் விஷயம்மா" என்று சொல்லி விட்டார்கள்.

அன்று ராத்திரி ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்து, "ஊர் விஷயத்த வெளியில போய்ப் பேசுறதா?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா உள்ளேயிருந்து, "உள்ளதான் பேச விட மாட்டேங்கறீங்களே மாமா" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. மோர் குடித்து விட்டுப் போனார். இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். யார் பேரும் போடாதே என்றார்.

டீச்சர் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றியும் சொன்னார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டியது. முப்பது குடும்புகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்கிறவருக்கு 35 முதல் 70 வயது, கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு விதி. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவர் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது! ஆனாலும் அந்தக் குடத்தில் எங்க அம்மா பேர் போட்ட ஓலை இருந்திருக்காது.

உலகத்தில் ரெண்டையும் கலந்த நாடும் இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவு. அங்கே குடும்பத் தலைவருக்கு மத்தாய் என்று பெயர். 1962-இல் சுதந்திரம் வந்தபோது மத்தாய்கள் மட்டுமே ஓட்டுப் போட்டார்கள் (வேறு சிலர் ரொம்பக் கொஞ்சம்). 1990-இல் மக்களிடமே கேட்டு எல்லாருக்கும் ஓட்டுரிமை தந்தார்கள். பாராளுமன்றத்துக்கு நிற்பது மட்டும் இன்றும் மத்தாய்தான். ஆனால் பெண்ணும் மத்தாய் ஆகலாம். அப்படி மத்தாயான பியாமே நவோமி மதாஃபா என்ற பெண் 2021-இல் பிரதமரே ஆனார்.

ஆக, பழைய தலைமை என்றாலே பெண்கள் மதிலுக்குப் பின்னால்தான் நிற்கணும் என்று இல்லை. ஊர் பஞ்சாயத்து வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கிழிந்த வலைக்கு மூன்று நாளில் பணம் வாங்கித் தர வேறு யாரும் இல்லை. ஆனால் அப்பா கட்டும் வரியில் பாதி, அம்மா மீன் விற்ற காசு. வருஷத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் வரவு செலவு படிக்கும்போது அம்மாவும் உட்கார்ந்து கேட்டால் என்ன?

ஆயாவிடம் இதைக் கேட்டேன். "கேக்கலாம், முதல்ல யார் போய் உக்கார்றது?" என்றார்கள்.

அடுத்த கிராம சபைக்குக் குழாய் மனு ஒன்று, ஊர் பஞ்சாயத்துக்கு இன்னொன்று. அம்மா ரெண்டு வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருக்கிறார். எழுதப்போவது நான்தான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி