ஆறாயிரம் மரபணுக்களை ஒரே நேரத்தில் விசாரிப்பது எப்படி?

அளவுகோலை எடுத்து, 18 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். அதற்குள் பேனாவால் 6,400 புள்ளிகள் வைக்க முடியுமா? 1997இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோ இதைச் செய்தது. பேனா நிப்பைப்போல முனை பிளந்த ஊசிகளால் கண்ணாடி ஸ்லைடின்மேல் வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் ஈஸ்ட்டின் ஒரு மரபணுவிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இருந்தது. இந்த ஸ்லைடுக்கு மைக்ரோஅரே என்று பெயர்.

ரொட்டி மாவை உப்பவைக்கிற அதே ஈஸ்ட்தான். ஒரே ஒரு செல்தான் உடம்பு. அதற்குள் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள்! எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. வேலையில் இறங்கும் மரபணு, தன் செய்தியைத் 'தூது ஆர்.என்.ஏ.' என்னும் நகலாக எழுதி அனுப்பும். வேலை மும்முரமானால் நகல்களும் பெருகும்.

முன்பு ஒரு சோதனையில் சில மரபணுக்களின் நகல்களைத்தான் அளக்க முடிந்தது. எதைத் தேடுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். யாருக்கும் தெரியாத மரபணுவை யார் தேடுவார்கள்?

மைக்ரோஅரே இருந்ததால் இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களான ஜோசப் டிரைசி, விஷ்வநாத் ஐயர், பாட்ரிக் பிரௌன் ஆகிய மூவரும் ஈஸ்ட்டைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தார்கள். சர்க்கரை இருக்கும்வரை ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலை வெளியேற்றும். சர்க்கரை தீர்ந்ததும் அந்த ஆல்கஹாலையே தின்னத் தொடங்கும்! இந்த மாற்றத்தின்போது உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தார்கள். அதிலிருந்த தூது ஆர்.என்.ஏ.வை அச்சாக வைத்து, சாயம் கோத்த டி.என்.ஏ. இழைகளைச் செய்தார்கள். முதல் மாதிரிக்குப் பச்சை, பிந்தைய மாதிரிக்குச் சிவப்பு. இரண்டையும் கலந்து ஸ்லைடில் விட்டார்கள். டி.என்.ஏ.வில் 'ஏ' எழுத்து 'டி'யோடும், 'ஜி' எழுத்து 'சி'யோடும்தான் சேரும். அதனால் ஒவ்வொரு இழையும் தன் ஜோடி இருக்கும் புள்ளியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஒட்டாததைக் கழுவிவிட்டு, லேசர் ஒளியில் படித்தார்கள். சிவப்புப் புள்ளி என்றால் அந்த மரபணுவுக்கு இப்போது வேலை கூடியிருக்கிறது. பச்சை என்றால் குறைந்திருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் இரண்டும் கலந்து மஞ்சள்.

சுமார் 710 மரபணுக்களின் நகல்கள் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கூடியிருந்தன. சுமார் 1,030 மரபணுக்களின் நகல்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தன. இவற்றில் கிட்டத்தட்ட பாதியின் வேலை என்னவென்றே அன்று யாருக்கும் தெரியாது! பெயர் சொல்லித் தேடியிருந்தால் இவை அகப்பட்டே இருக்காது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த ரோபோவைச் செய்யும் முறையைப் பிரௌனின் குழு இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

டிரைசி பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில், மரபணுக்களுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான வைரஸ்களின் துணுக்குகளைப் புள்ளிகளாக வைத்து ஒரு ஸ்லைடு செய்தார். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, பெயர் தெரியாத அந்த வைரஸின் மாதிரி இந்த ஸ்லைடுக்கு வந்தது. ஒளிர்ந்தவற்றில் கொரோனா வைரஸ் குடும்பத்தின் புள்ளிகள் இருந்தன. அதுவரை யாரும் பார்த்திராத புதிய கொரோனா வைரஸ் அது என்பது தெரிந்துவிட்டது.