காந்தாரம் எங்கே இருக்கிறது?

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள். கீபோர்டைத் துணையாக வைத்துக்கொண்டு வீட்டில் சாதகம் செய்வது அவள் வழக்கம். ஒரு நாள் மாலை முகம் வாடி வந்தாள். “சார், அடுத்த வாரம் பாட்டுப் போட்டி. சங்கராபரணத்தில் என் காந்தாரம் சற்றுத் தூக்கலாக இருக்கிறது, தம்புராவோடு சேரவில்லை என்கிறார் பாட்டு டீச்சர். கீபோர்டில் வைத்துப் பார்த்தால் இம்மியும் பிசகவில்லையே! எது சரி?” என்று கேட்டாள்.

மாணவ நண்பர்களே, கேள்வி இசையைப் பற்றியது என்றாலும் விடை இயற்பியலில் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, சட்ஜத்தின் அதிர்வெண் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஸ்தாயி சட்ஜம் அதற்கு இரு மடங்கு, அதாவது 480. பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 360. சங்கராபரணத்தில் வரும் அந்தர காந்தாரம் ஒன்றேகால் மடங்கு, 300. இப்போது 240, 300, 360 என்ற மூன்றையும் பாருங்கள். அவை 4 : 5 : 6 என்ற எளிய விகிதத்தில் இருக்கின்றன. இந்த ச, க, ப மூன்றையும் ஒரே சமயத்தில் ஒலிப்பதைத்தான் மேனாட்டு இசையில் ‘மேஜர் கார்டு’ என்கிறார்கள். கிதார் வாசிப்பவர்கள் முதலில் கற்கும் சுரக்கூட்டு இதுவே.

எளிய விகிதம் காதுக்கு ஏன் இனிக்கிறது? ஒரு தந்தியை மீட்டினால் அதன் அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களும் மெல்லியதாகக் கூடவே எழும். இவை சீரிசைகள் எனப்படும். 240-இன் ஐந்தாம் சீரிசை 1200. 300-இன் நான்காம் சீரிசையும் 1200. இரண்டும் ஒன்றோடொன்று இழைந்துவிடுகின்றன. எனவே சலனம் இல்லை.

தம்புராவிலும் இதுவே நடக்கிறது. மந்தர சட்ஜத் தந்தி 120 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஐந்தாம் சீரிசை 600. அது 300-இன் மேல் ஸ்தாயி. யாரும் மீட்டாமலே தம்புராவில் காந்தாரம் கேட்கிறது என்று வித்துவான்கள் வியப்பதும், அதைச் ‘சுயம்பு காந்தாரம்’ என்று அழைப்பதும் இதனால்தான். டீச்சர் தம் மாணவியின் குரலை ஒப்பிட்டது இந்தக் காந்தாரத்தோடு.

சரி, கீபோர்டில் காந்தாரம் எங்கே இருக்கிறது? 300-இல் இல்லை, 302.4-இல் இருக்கிறது! அதன் நான்காம் சீரிசை ஏறக்குறைய 1209.5. சட்ஜத்தின் 1200-உடன் அது மோதும்போது நொடிக்கு 9 அல்லது 10 முறை ஒலி ஏறி இறங்கும். இதுவே நீங்கள் பாடத்தில் படிக்கும் விம்மல்.

தயாரிப்பாளர்கள் 300-இலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்ப்போம். கீபோர்டில் எந்தக் கட்டையையும் சட்ஜமாகக் கொள்ள முடிய வேண்டும் அல்லவா? 300-ஐச் சட்ஜமாகக் கொண்டால் அதன் காந்தாரம் 375. அதற்கும் காந்தாரம் 468.75. ஒரு காந்தாரம் நான்கு கட்டைத் தொலைவு. மூன்று காந்தாரம் தாண்டினால் பன்னிரண்டு கட்டை; நாம் மேல் சட்ஜமாகிய 480-ஐ அடைந்திருக்க வேண்டும். ஆனால் 11.25 ஹெர்ட்ஸ் குறைகிறது!

பஞ்சமத்திலோ தொல்லை எதிர்ப்பக்கம். பன்னிரண்டு பஞ்சமம் ஏறினால் ஏழு ஸ்தாயி ஆக வேண்டும். 1.5-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. 2-ஐ ஏழு முறை பெருக்கினால் 128-தான். இது கருவி செய்தவரின் குறை அன்று. 3-இன் அடுக்கோ 5-இன் அடுக்கோ 2-இன் அடுக்குக்கு ஒருபோதும் சமமாகாது.

ஆகவே பிழையை எல்லாக் கட்டைகளுக்கும் பங்கிட்டார்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தியதைப் போல் 1.05946 மடங்கு. இது 2-இன் பன்னிரண்டாம் படிமூலம். இந்தச் சமப் பங்கீட்டில் பஞ்சமம் 359.6 ஆகிறது, மாற்றம் காதுக்கு அரிதாகவே தெரியும். காந்தாரத்தின் தலையில்தான் பெரும்பங்கு விழுந்தது.

தமிழகத்திலும் இதைப் பற்றிப் பெரும் வாதம் நடந்ததுண்டு. தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவரும் இசை ஆராய்ச்சியாளருமான ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், ஸ்தாயியை 22 சுருதிகளாகப் பிரிப்பதை மறுத்தார். சுரங்கள் 12-உம் சம இடைவெளி உள்ளவை. சுருதிகள் 24 என்பதே பழந்தமிழர் முறை என்று வாதிட்டார். 24 ஆகப் பிரித்தால் நம் காந்தாரம் சரியாகுமா? 300-க்கு அருகில் 293.8, 302.4 என்ற இரண்டே இடங்கள் கிடைக்கின்றன. 302.4-தான் நெருக்கம், அது பழைய கட்டையேதான்!

ஒளி அலைக் கொள்கையில் நீங்கள் படிக்கும் ஹைகன்ஸ் வேறொரு வழி காட்டினார். 1691-இல் வெளியான கட்டுரையில் அவர் ஸ்தாயியை 31 சம பாகங்களாகப் பிரித்தார். அதில் பத்தாம் பாகம் 300.1! காந்தாரம் ஏறக்குறைய தூயதாகிவிட்டது. ஆனால் பஞ்சமம் 358.9-க்கு இறங்கிவிட்டது. பிழை மறையவில்லை, இடம் மாறியது.

அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. கமகம் பிடிக்க முடியாமை, சமப் பங்கீட்டுச் சுரங்கள் ஆகிய இரண்டும் அதன்மேல் சொல்லப்பட்ட குறைகளில் முக்கியமானவை. கச்சேரியில் சட்ஜம் ஒன்றே, மாறுவதில்லை; ஆகவே அங்கே காந்தாரத்தை விட்டுக்கொடுக்க அவசியம் இல்லை. சட்ஜத்தை அடிக்கடி மாற்றிக் கூட்டுச் சுரங்களை அடுக்கும் இசைக்கோ சமப் பங்கீடு இல்லாமல் நடக்காது.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஆர்மோனியத்திலோ கீபோர்டின் ஆர்கன் ஒலியிலோ முதலில் ச, ப இரண்டையும் அழுத்துங்கள். பிறகு ச, க. இரண்டாவதில் ஒரு படபடப்புக் கேட்கிறதா? அதற்குப் பின் தம்புரா ஒலியோடு சேர்ந்து காந்தாரத்தைப் பாடி, படபடப்பு அடங்கும் வரை குரலைச் சிறிது சிறிதாக இறக்குங்கள்.

அந்த மாணவியும் அப்படித்தான் செய்தாள். கால் மணி நேரத்தில் அவள் குரல் தம்புராவுக்குள் கரைந்தது. “அப்படியானால் கீபோர்டு தப்பா, சார்?” என்றாள். தப்பில்லை, அது பன்னிரண்டு சட்ஜங்களுக்குப் பொதுவாக நிற்கிறது, நீ ஒரே சட்ஜத்துக்குப் பாடுகிறாய் என்றேன். அன்று முதல் அவள் கீபோர்டை மூடிவிட்டுத் தம்புராவோடு சாதகம் செய்கிறாள்.